வேலியோரம்: பன்னிரண்டு ஏக்கருக்கு எந்தத் தோட்டா?

போன மாதம் கோழிக்கூண்டு பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் ஒன்று, கோழியை அப்படியே விட்டுவிட்டு நேராகத் துப்பாக்கிக்கு வந்துவிட்டது. எழுதியவர் ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்தவர். ஆஸ்டினுக்கு மேற்கே பன்னிரண்டு ஏக்கர் வாங்கி, டெக்ஸஸில் நம்மவர்கள் பலர் செய்வது போல, நிலவரி விவசாயக் கணக்கில் வரட்டும் என்று வெள்ளாடு விட்டிருக்கிறார். வரிக்காக வாங்கிய ஆடுகள் இப்போது வீட்டு மனுஷங்க மாதிரி ஆகிவிட்டன. மகள் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருக்கிறாள். இந்த வசந்தத்தில் மூன்று குட்டிகள் போய்விட்டன. கயோட்டிதான் என்று பக்கத்து நிலத்துக்காரர் சொல்லியிருக்கிறார்.

எந்த ரைஃபிள் வாங்குவது என்று விசாரித்திருக்கிறார். கடையில் ஒருத்தர் .22 போதும் என்றாராம். ஆபீஸ் நண்பர் .308-க்குக் கீழே எதுவும் வேண்டாம் என்றாராம். யூடியூபில் .22-250-தான் ராஜா. நடுவில், பதிமூன்று வயது மகள் தானும் கற்றுக்கொள்வேன் என்று நிற்கிறாள். கடிதத்தின் கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது: இதை அப்பாவிடம் கேட்கவும் முடியாதே என்று எழுதியிருந்தார்.

அது நம் எல்லோருக்கும் உள்ள நிலைமைதான். இங்கே பக்கத்து வீட்டுப் பையன் ஏழு வயதிலேயே தாத்தாவோடு வேட்டைக்குப் போய், துப்பாக்கியை எந்தப் பக்கம் நீட்டக்கூடாது என்பதை நடக்கும்போதே கற்றுக்கொள்கிறான். நம் அப்பாக்கள் கால்குலஸ் சொல்லிக் கொடுத்தார்கள், கார் ஆயில் மாற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். இது அவர்களுக்கே தெரியாது. ஆகவே நாம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுங்கள். குட்டியைக் கொன்றது கயோட்டிதானா? கயோட்டி பெரும்பாலும் தொண்டையைப் பிடிக்கும், தாடைக்குக் கீழே பல் பதிந்திருக்கும். உடம்பு முழுக்கக் கண்டபடி கடித்துக் குதறியிருந்தால், காது, கால், பின்பக்கம் எல்லாம் கிழிந்திருந்தால், ஊர் நாய்தான் செய்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த நாய்க்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார்; அது வேறு விவகாரம். பக்கத்து நிலத்துக்காரருக்கு அனுபவம் இருக்கலாம். ஆனாலும் நாலு இடத்தில் கேமரா கட்டி ஒரு வாரம் பாருங்கள்.

கயோட்டி எவ்வளவு பெரியது என்பதிலும் பலருக்குக் குழப்பம். ராத்திரி நாலைந்து சேர்ந்து ஊளையிடும்போது ஓநாய்க் கூட்டமே வந்தது போலத்தான் இருக்கும். என் மாமியார் முதல் தடவை கேட்டபோது கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் ஒன்று வேலியோரம் நிற்பதைப் பார்த்ததும், "இதுவா? நம்ம ஊர் நரி! நரி முகத்துல முழிச்சா நல்லதாச்சே!" என்று சந்தோஷப்பட்டார். அவர் சொன்னதில் பாதி சரி. நம் ஊர் நரியை விடச் சற்றுப் பெரியது, ஓநாயை விட நன்றாகச் சிறியது. டெக்ஸஸ் கயோட்டி பெரும்பாலும் 25 முதல் 35 பவுண்டு. கனடாவிலும் அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்திலும் ஓநாய் ரத்தம் கலந்தது, இன்னும் கொஞ்சம் கனக்கும். ரோமம்தான் அதைப் பெரிதாகக் காட்டுகிறது. குண்டு படவேண்டிய இடம், அதாவது நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி, உங்கள் உள்ளங்கை அளவுதான். மீதிக் கணக்கெல்லாம் அந்த உள்ளங்கையை வைத்துத்தான்.

இனி எண்கள். .22, .223, .243 என்பதெல்லாம் குண்டின் விட்டம், அங்குலத்தில், ஏறத்தாழ. இங்கேதான் புதிதாக வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். .22 என்று எல்லாரும் சொல்லும் .22 லாங் ரைஃபிளையும் .223 ரெமிங்டனையும் பக்கத்தில் வைத்தால் குண்டின் அகலத்தில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பின்னால் இருக்கும் பித்தளைக் குப்பி வேறு, அதற்குள் இருக்கும் வெடிமருந்து வேறு. .22 லாங் ரைஃபிள், 40 கிரெயின் குண்டை வினாடிக்கு சுமார் 1,250 அடி வேகத்தில் அனுப்புகிறது. (7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு.) .223, 55 கிரெயின் குண்டை வினாடிக்கு சுமார் 3,240 அடி வேகத்தில் அனுப்புகிறது. குழல் வாயில் முன்னதன் சக்தி சுமார் 140 ஃபுட்-பவுண்டு. பின்னதற்கு 1,280 பக்கம். ஒன்பது மடங்கு. பெயரில் மட்டும் ஒரே ஒரு இலக்கம் கூடுதல்.

ஆகவே கேலிபர் என்று நாம் கேட்பது உண்மையில் தோட்டாவைப் பற்றி. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், முழுப் பேரையும் பாருங்கள்.

சரி, பன்னிரண்டு ஏக்கருக்கு வருவோம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பன்னிரண்டுக்கு 5,22,720. நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 723 அடி, அதாவது 241 யார்டு. வீடு நடுவில் இருந்தால் எந்தப் பக்க வேலியும் 120 யார்டுதான். மூலைக்கு மூலை போனாலும் 340. யூடியூபில் 400 யார்டுக்கு அப்பால் சுட்டுக் காட்டுகிறவர் மேற்கு டெக்ஸஸின் மொட்டைச் சமவெளியில் நிற்கிறார். நீங்கள் ஓக்கும் சீடரும் மண்டிக் கிடக்கும் ஹில் கன்ட்ரியில் நிற்கிறீர்கள். உங்கள் குண்டு வேலி தாண்டி அடுத்தவர் நிலத்துக்குள் போனால், டெக்ஸஸில் வேட்டையின்போது அது குற்றம். அடுத்தவர் எழுதிக் கொடுத்த சம்மதம் இருந்தால் ஒழிய. அப்படியானால் நீங்கள் சுடப்போகும் தூரம் நூறு யார்டுக்கு முன்பின்தான், மிஞ்சினால் நூற்றைம்பது. இந்த ஒரு கணக்கைப் போட்டதுமே கடைக்காரர், ஆபீஸ் நண்பர், யூடியூப் மூன்று பேருக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.

யூடியூபின் .22-250-ஐ முதலில் எடுத்துக்கொள்வோம். அருமையான தோட்டா, அதில் சந்தேகமில்லை. ரொம்ப நாள் அவரவர் வீட்டுப் பட்டறையில் செய்துகொண்டிருந்ததை 1965-ல் ரெமிங்டன் கம்பெனித் தோட்டாவாக்கியது. அதே 55 கிரெயின் குண்டு வினாடிக்கு 3,650 அடிக்கு மேல் போகும். 300 யார்டிலும் அதிகம் இறங்காது, காற்றும் அவ்வளவாகத் தள்ளாது. திறந்த வெளியில், தூரம் சட்டென்று கணிக்க முடியாத இடத்தில், அதற்கு ஈடு குறைவு. ஆனால் தோட்டா விலை அதிகம், குழல் சீக்கிரம் தேயும், சத்தம் காதைப் பிளக்கும். 120 யார்டு வேலிக்குள் இருப்பவருக்கு அந்த வேகம் எதற்கு? ரயில்வே கிராஸிங் வரைக்கும் போய்வர ரேஸ் கார் வாங்கியது போலத்தான்.

ஆபீஸ் நண்பரின் .308 மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் உரியது. 30 பவுண்டு மிருகத்தை அது கொல்லாதா என்றால் கொல்லும், ஆனால் கனமான குண்டு அதைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்து இன்னும் நிறைய சக்தியோடு போய்க்கொண்டே இருக்கும். உங்கள் வேலிக்கு அப்பால் யாருடைய வீடு இருக்கிறது? பதிமூன்று வயதுப் பெண்ணின் தோளுக்கும் அந்த உதைப்பு ஆகாது. முதல் நாள் வலித்தால் இரண்டாம் நாளிலிருந்து டிரிக்கரை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வாள். அந்தப் பழக்கம் வந்தால் போக்குவது கஷ்டம்.

கடைக்காரரின் .22-தான் எனக்குக் கோபம் வரவழைத்தது. சின்னது, சத்தம் குறைவு, உதைப்பே இல்லை, ஆகவே பத்திரம் என்று தோன்றும். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த நினைப்பு இயல்பு. இரண்டு விதத்தில் அது தப்பு.

ஒன்று, மிருகத்துக்கு. 50 யார்டுக்குச் சரிசெய்து வைத்த .22-ன் குண்டு, 100 யார்டில் அரை அடி இறங்கிவிடும். போய்ச் சேரும்போது சக்தி நூறு ஃபுட்-பவுண்டுக்கும் கீழே. இருபது யார்டில், அசையாமல் நிற்கும் கயோட்டியின் மூளையில் பட்டால் கொல்லும்தான். நெஞ்சில் பட்டால் அது கத்திவிட்டு ஓடும், எங்கேயோ புதருக்குள் போய் இரண்டு நாள் கிடந்து சாகும். ஆட்டைக் காப்பாற்ற ஒரு உயிரை எடுக்கிறோம் என்றால் அதை ஒரே நொடியில் முடிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க முடியாத தோட்டாவைக் கையில் எடுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. மகளுக்கு நீங்கள் கற்றுத்தரப் போகிற முதல் விஷயமும் இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, பக்கத்து வீட்டுக்கு. .22-ன் குண்டு ஈயக் கட்டி, மெதுவாகப் போகும், பட்ட இடத்தில் உடையாது. ஹில் கன்ட்ரியில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. அதில் சாய்வாகப் பட்டால் குண்டு முழுசாகத் துள்ளிக்கொண்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். குளத்துத் தண்ணீரிலும் அப்படியே துள்ளும். மேல்நோக்கிப் போனால் ஒரு மைலுக்கு மேல் போய் விழும். தோட்டா டப்பாவிலேயே எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

.223-க்கு வரும் மெல்லிய மேலுறை போட்ட 50, 55 கிரெயின் குண்டுகளோ, அந்த வேகத்தில் எதில் பட்டாலும் உடைந்து நொறுங்குகின்றன. கயோட்டிக்குள் போனால் உள்ளேயே சிதறி நின்றுவிடும், பெரும்பாலும் மறுபக்கம் வராது. பாறையில் பட்டாலும் பொடியாகிவிடும். முழுக்க உத்தரவாதம் என்று எந்தக் குண்டுக்கும் சொல்ல முடியாது, மேல்நோக்கிப் போனால் இதுவும் மைல் கணக்கில் போகும். ஆனாலும் வீடுகள் உள்ள பக்கத்தில் எது துள்ளும் ஆபத்து குறைவு என்று கேட்டால், பலசாலியான .223-தான், சாதுவாகத் தெரியும் .22 இல்லை. முதலில் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஆக, என் பதில் .223 ரெமிங்டன், போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், கயோட்டிக்கென்றே செய்த உடையும் குண்டு. ஹார்னடி வி-மேக்ஸ், நாஸ்லர் பாலிஸ்டிக் டிப், சியரா பிளிட்ஸ்கிங் என்று பல பேரில் வரும். 200 யார்டுக்குச் சரிசெய்து வைத்தால் 100 யார்டில் ஒன்றரை அங்குலம் மேலே போகும், அவ்வளவுதான். உள்ளங்கைக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் நிலத்தில் எங்கே நின்றாலும் குறியை ஏற்றி இறக்க வேண்டியதில்லை, நேராக வைத்துச் சுடலாம். தோட்டா எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், சென்டர்ஃபயர் வகைகளில் விலையும் குறைந்த பக்கம். நிறையப் பழகலாம். பழக்கம்தான் உள்ளங்கையைத் தொடவைக்கும், வேகமில்லை.

வாங்கும்போது டப்பாவில் எஃப்.எம்.ஜே. என்று எழுதியிருக்கும் மலிவுத் தோட்டாவை மட்டும் வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள். முழு உறை போட்டது. விரியாது, ஊசி குத்தியது போல ஓட்டை போட்டுவிட்டு மறுபக்கம் போகும். மிருகம் ஓடும், குண்டும் போய்க்கொண்டிருக்கும். மண்மேடு உள்ள ரேஞ்சில் பழகுவதற்கு மட்டும் அது.

குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று படிக்கும் பழக்கத்தையும் மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். 5.56 என்று பொறித்த ரைஃபிளில் .223 தோட்டாவைப் போடலாம். .223 என்று மட்டும் பொறித்ததில் 5.56 ராணுவத் தோட்டாவைப் போடக்கூடாது, அழுத்தம் கூடும். இதைவிட மோசமான ஒன்று: .300 பிளாக்அவுட் என்ற தோட்டா, பார்வைக்கு .223 போலவே இருக்கும், .223 ரைஃபிளுக்குள் சில சமயம் போய் உட்கார்ந்தும்விடும். சுட்டால் ரைஃபிள் முகத்துக்கு நேரே வெடிக்கும். அது எதற்கு உங்கள் வீட்டில் என்று கேட்பீர்கள். வேட்டைக்கு வரும் நண்பர் கொண்டுவருவார். ஒரே மேஜையில் இரண்டு வகைத் தோட்டா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மற்ற பேர்களையும் கேள்விப்படுவீர்கள். .17 எச்.எம்.ஆர்., .22 மேக்னம் இரண்டும் .22-க்கு மேலே, .223-க்கு வெகு கீழே. கைதேர்ந்தவர் 70, 80 யார்டுக்குள் செய்துவிடுவார், புதியவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். 2004-ல் வந்த .204 ரூகர் மிக வேகமானது, உதைப்பே தெரியாது, எனக்கே ஆசைதான். ஆனால் சின்ன ஊர்க் கடையில் தோட்டா கிடைக்காமல் தேடி அலையணும். .243 வின்செஸ்டரை மட்டும் தீவிரமாக யோசிக்கலாம். 1955-லிருந்து இருக்கிறது. 58 கிரெயின் குண்டு போட்டால் கயோட்டிக்கு, 100 கிரெயின் போட்டால் மானுக்கு. நவம்பரில் மான் வேட்டைக்கும் போவோம், ஒரே ரைஃபிள்தான் வாங்குவோம் என்றால் அதுவே நல்லது. உதைப்பு .223-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல், ஆனாலும் .308 அளவுக்கு இல்லை. இங்கே நிறையப் பிள்ளைகளின் முதல் மான் ரைஃபிள் அதுதான்.

நீளவாக்கில் ஒடுங்கிய நிலமாக இருந்தால், அல்லது பட்டிக்குப் பக்கத்திலேயே வீடுகள் இருந்தால், ரைஃபிளே வேண்டாம். 12 கேஜ் ஷாட்கன், நம்பர் 4 பக்‌ஷாட். 40 யார்டுக்குள்தான் வேலை செய்யும், அதற்கு மேல் சிதறிவிடும். குறை என்று நினைக்காதீர்கள், அந்த இடத்துக்கு அதுதான் தேவை. உதைப்பு மட்டும் அதிகம், அதனால் அது அப்பாவின் துப்பாக்கி, மகளுடையது இல்லை.

கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே முதலில் பாதுகாப்பு வகுப்பு, பிறகு பி.ஏ.எல். என்ற உரிமம், அதற்குப் பிறகுதான் கேலிபர் பேச்சு. 12 வயதிலிருந்து 17 வரை பிள்ளைகளுக்குத் தனி உரிமம் உண்டு. ஏ.ஆர்.-15 வகை 2020 மே மாதத்திலிருந்து தடை. தெற்கு ஒன்ராறியோவின் சில கவுண்டிகளில் .275-க்கு மேற்பட்ட ரைஃபிளோடு வேட்டைக்குப் போகவே கூடாது, அங்கே.223-உம் .243-உம் சரி, .308 சட்டப்படியே தப்பு. ஜாக்கெட் தொப்பியில் கயோட்டி ரோமம் வைத்துத் தைத்த கனடா கூஸ் கம்பெனி, 2022 முடிவுக்குள் ரோமத்தை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது. அதனால் தோல் கெடாமல் சுடணும் என்ற பழைய கவலை இப்போது முன்போல் பெரிதாக இல்லை. ஆட்டுக்காரர்களுக்கு அந்தக் கவலை எப்போதுமே இருந்ததில்லை.

இப்போது மகள் விஷயம். டெக்ஸஸில் 1971 செப்டம்பர் 2-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் ஹன்டர் எஜுகேஷன் முடிக்க வேண்டும்; ஒன்பது வயதிலிருந்து சான்றிதழ் வாங்கலாம். அப்பாவும் மகளும் ஒரே வகுப்பில் உட்காருங்கள். நீங்கள் கற்றுக்கொண்டு பிறகு அவளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேரும் ஒரே நாளில் புதியவர்கள் என்பது நல்ல விஷயம். பழகுவதற்கு .22 அருமை, அதை நான் மறுக்கவே இல்லை. காகிதத்தில், தகரத்தில், மண்மேட்டுக்கு முன்னால், ஆயிரம் தோட்டா சுடட்டும். பிறகு .223. பெரியவர்களுக்கு அளவெடுத்த கட்டை அவள் கைக்கு நீளமாக இருக்கும், சின்ன அளவில் வருவதை வாங்குங்கள். காதுக்கு மூடி எப்போதும், .22-க்கும்கூட. .223-ன் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், ஒரே வெடியில் போன காது திரும்ப வராது.

எதிரில் நிற்கும் கயோட்டிக்குப் பின்னால் மண் தெரிகிறதா, வானம் தெரிகிறதா என்று அவள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மேட்டில் நிற்கும் மிருகத்துக்குப் பின்னால் வானம் தெரிந்தால் சுடக்கூடாது. மேட்டிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணுக்குள் போகும். ராத்திரி லைட் வைத்து, தெர்மல் ஸ்கோப் வைத்துச் சுடுவது டெக்ஸஸில் சொந்த நிலத்தில் சட்டப்படி சரிதான். பிள்ளையோடு வேண்டாம் என்பது என் கருத்து. பின்னால் இருப்பதைப் பார்க்க முடியாத நேரம் அது. பகலில் வராதே என்றால், விடியும் நேரமும் பொழுது சாயும் நேரமும் இருக்கிறது. காயம்பட்ட முயல் போல ஒலி எழுப்பும் கருவி வைத்துக் கூப்பிட்டால் அப்போது வரும். ஆனால் அப்படிக் கூப்பிட்டு வேட்டையாட ஹன்டிங் லைசென்ஸ் வாங்கிவிடுங்கள். ஆட்டைத் தாக்குகிற, தாக்க வருகிற, சற்று முன் தாக்கிய கயோட்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் விலக்கு. உங்கள் நிலம் பத்து ஏக்கருக்கு மேல் என்பதும் நல்லதுதான். அதற்குக் குறைந்த மனைகளில், சப்டிவிஷனாகப் பிரித்த இடங்களில், துப்பாக்கி சுடுவதையே கவுண்டி தடை செய்யலாம். வருஷா வருஷம் விதிகள் மாறும், டெக்ஸஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் அவுட்டோர் ஆனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு, வேறு எந்த வேட்டைப் பத்திரிகையிலும் இதை எழுத மாட்டார்கள். ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் மாமா வருவார். எச்-1பி-யில் இருக்கும் சித்தி பையன் வீக்கெண்டுக்கு வருவான். "குடுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்பார்கள். கொடுக்கக் கூடாது. இம்மிகிரன்ட் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி பெரிய குற்றம். ஹன்டிங் லைசென்ஸ் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும்தான். ஒரு போட்டோவுக்காக ஒருவருடைய கிரீன் கார்டு போகலாம். மாமா முகம் சுளித்தாலும் பரவாயில்லை, "சட்டம் அப்படி மாமா" என்று சொல்லி ரைஃபிளை உள்ளே வையுங்கள்.

உள்ளே என்றால் சேஃபுக்குள். அலமாரி மேலே, கட்டிலுக்கு அடியில், பூஜை ரூம் பரணில் எல்லாம் இல்லை. 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி, உடனே சுடக்கூடிய நிலையில் துப்பாக்கியை அலட்சியமாக விட்டால் டெக்ஸஸ் சட்டத்தில் பெற்றோர் மேல் வழக்கு வரும். சட்டம் இல்லாவிட்டாலும்தான் என்ன! ரைஃபிள் ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், இரண்டின் எண்ணும் பெரியவர்களுக்கு மட்டும். நன்றாகச் சுடத் தெரிந்த பெண்ணுக்கும் எண் தெரிய வேண்டாம். அவளைத் தேடி வரும் தோழிகளுக்கு எதுவும் தெரியாது இல்லையா? அதே மாதிரி, மகள் வேறு வீட்டுக்குத் தங்கப் போகும்போது, "உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா, பூட்டியிருக்கா?" என்று நாமும் கேட்கணும். தப்பா நினைப்பாங்களோ என்று நம்மவர்கள் தயங்குவார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதே இல்லை, பெரும்பாலும் சேஃபைத் திறந்தே காட்டுவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், மூன்று குட்டி போனதற்கு .223 மருந்தாகிவிடாது. ஒன்றைச் சுட்டால் அதன் இடத்துக்கு இன்னொன்று வரும். ஒரு வட்டாரத்தில் கயோட்டியின் எண்ணிக்கை உண்மையிலேயே குறைய வேண்டுமென்றால் வருஷத்துக்கு முக்கால்வாசியைத் தொடர்ந்து கொல்ல வேண்டியிருக்கும் என்று கலிஃபோர்னியாவில் 1975-லேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு ஏக்கர்காரர் அதைச் செய்யப்போவதில்லை. ஆட்டின் ருசி கண்டு திரும்பத் திரும்ப வரும் அந்த ஒரு ஜோடிக்குத்தான் ரைஃபிள். சுட்டதை வெறுங்கையால் தொடாதீர்கள், ரேபீஸ் பயம் உண்டு. கையுறை போட்டு ஆழமாகப் புதையுங்கள். உள்ளே சிதறிக் கிடக்கும் ஈயத்தைப் பருந்தும் கழுகும் கொத்தித் தின்ன வேண்டாம். அந்தக் காரணத்துக்காகவே கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது. அங்கே இருப்பவர்கள் செம்புக் குண்டு கேட்டு வாங்க வேண்டும்.

மீதி வேலை வேலிக்கும் நாய்க்கும். வேலிக்கு அடியில் தோண்டி நுழையும் இடத்தில் தரையோடு ஒட்டி ஒரு மின்கம்பி, மேலே இன்னொன்று. நாய் என்றால் கிரேட் பிரனீஸ் அல்லது அனடோலியன், குட்டியிலிருந்தே ஆட்டோடு கிடந்து வளர்ந்தது. வீட்டுச் சோபாவில் வளர்ந்தால் அது சோபாவைத்தான் காக்கும். அந்த நாய் தனியாகக் காவல் நிற்கப் பழக ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். அதுவரை பொழுது சாயும் முன் ஆட்டை எண்ணி, குட்டிகளோடு பட்டிக்குள் விட்டு, கொக்கியை மாட்டிவிட்டு வாருங்கள்.